வழக்கறிஞர் இல்லாமல் ஒரு மேல்முறையீடு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கொன்றில் தோற்ற ஒருவர், வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத நிலையில், அத்தீர்ப்பை எதிர்த்துத் தாமே மேல்முறையீடு செய்யலாமா என்பது பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். செய்யலாம். தம் வழக்கைத் தாமே நடத்தும் உரிமை 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்திலேயே இடம்பெற்று, இன்றுவரை நீடிக்கிறது. ஆனால், வழக்கு ஒரு நிறுவனத்தின் பெயரில் நடந்திருந்தால், அதன் முழு உரிமையாளரே ஆனாலும் வழக்கறிஞர் இன்றி அதற்காக வாதாட இயலாது.

சட்ட நுணுக்கங்களைப் படிக்கத் தொடங்குமுன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். தீர்ப்பு நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வழக்கில் அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாட்களுக்குள், மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்துவிட வேண்டும். அதுவும் மேல் நீதிமன்றத்தில் அன்று, தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்தின் அலுவலகத்திலேயே. யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்குச் செல்கிறார் என்று சொன்னால் அவ்வறிவிப்புக்குப் போதும் என்பதால், வாதங்களை மெருகேற்றிக்கொண்டு அதைத் தள்ளிப்போடுவது வீண் ஆபத்து.

இந்தக் கெடு எவ்வளவு கண்டிப்பானது என்பதை 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல் வழக்கு காட்டுகிறது. ஒஹாயோ மாநிலக் கைதி ஒருவருக்கு மேல்முறையீட்டுக்கான காலத்தை மாவட்ட நீதிபதி மீண்டும் திறந்துவிட்டார். விதிப்படி 14 நாட்கள் தரவேண்டிய இடத்தில், தம் ஆணையில் 17 நாட்கள் என்று எழுதிவிட்டார். அதை நம்பிய கைதி, நீதிபதி குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே அறிவிப்பைத் தாக்கல் செய்தார். ஆயினும், நாடாளுமன்றம் சட்டத்தில் வகுத்த காலவரம்பை எந்த நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது என்று கூறி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவரைத் திருப்பி அனுப்பியது உச்ச நீதிமன்றம். மாறுபட்ட நால்வரின் பக்கமே நியாயம் என்று நான் கருதுகிறேன். என்ன செய்வது, சட்டமாக நிற்பது ஐவரின் சொல்தான்.

தீர்ப்பைத் திருத்தும்படி அதே நீதிபதியிடம் 28 நாட்களுக்குள் மனுச் செய்தால், அதன் மீது ஆணை பிறக்கும்வரை மேல்முறையீட்டுக் கெடு ஓடாது. 29ஆம் நாள் போட்ட மனுவுக்கு அந்தப் பலன் இல்லை. மேல்முறையீட்டுக் கட்டணம் 605 டாலர். கட்ட இயலாதவர்கள் வருமான விவரங்களுடன் உறுதிமொழி அளித்து விலக்குக் கோரலாம்.

மேல்முறையீட்டை மறு விசாரணை என்று எண்ணுவோர் பலர். அங்கே புதிய சாட்சிகளும் புதிய ஆவணங்களும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கீழ் நீதிமன்றம் சட்டத்தைத் தவறாகப் பொருள்கொண்டது என்ற வாதத்தை நீதிபதிகள் தாமே புதிதாக ஆராய்வார்கள். எந்தச் சாட்சியை நம்பியது என்பது போன்ற கேள்விகளில், பிழை பளிச்சென்று தெரிந்தாலன்றிக் கைவைக்க மாட்டார்கள். ஆகவே, நடந்த அநியாயம் முழுவதையும் எழுதுவதைவிட, பதிவேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன பிழை என்று இரண்டு மூன்றைச் சுட்டுவது பயன் தரும். சாமானியர் எழுதிய மனுக்களைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 1972லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தாராளம் கெடு தேதிகளுக்குப் பொருந்தாது.

மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பானால், தீர்ப்பு பதிவேட்டில் ஏறி 30 நாட்கள் கழிந்ததும் எதிர்த்தரப்பு வசூலில் இறங்கலாம். அதைத் தடுக்க விரும்புவோர் பிணைத்தொகை கட்டித் தடையாணை கோர வேண்டும்.