கடைத்தெருவில் விழுந்த அடி

(புதுச்சேரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே தூறல் போடுகிறது, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நேற்று நேரு வீதிப் பக்கம் ஒரு டீக்கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த பேப்பரில் நாலே வரியில் ஒரு செய்தி: லஞ்ச வழக்கில் ஓர் அதிகாரி விடுதலை. பெயரைப் பார்த்ததும் திக்கென்றது. அவர் கைதான அன்று இதே கடையில் முதல் பக்கத்தை ஆளுக்கு ஆள் பிடுங்கிப் படித்தோம். ‘மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?’ என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். விடுதலைச் செய்தியில் எண்ணெய் ஊறி, பாதி எழுத்து தெரியவில்லை.

நம் ஊருக்கு இது பழைய கதை. நயினியப்பப் பிள்ளை பெயரில் தெரு இருக்கிறதே, வண்டி நிறுத்த இடம் தேடி எத்தனை தடவை சுற்றியிருப்போம்! நயினியப்பர் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகர். துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மாமா முறை. அந்தப் பதவியில் கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார்கள் வற்புறுத்தி வந்தார்கள். 1716-இல் கவர்னர் எபேர் அவரைப் பிடித்து உள்ளே போட்டார். சாட்சிகள் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் எழுதி, அவர்களுக்கே புரியாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் முறையீடு போனது. தீர்ப்பு என்ன? கடைத்தெருவில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்து பறிமுதல். அவர் எதிரே வந்தால் மேல்துண்டை இறக்கியிருக்கக்கூடிய கடைக்காரர்கள் கண்ணெதிரிலேயே அந்த அடி விழுந்தது.

1717-இல் சிறையிலேயே செத்துப்போனார். அதற்கு அப்புறம்தான் தண்டனை தவறு என்று பிரான்சில் முடிவானது. அந்த முடிவு கப்பலில் காகிதமாக வந்து சேர்ந்தது. எபேரும் கைதாகிக் கப்பலேறினார், அது வேறு கதை.

நம் காலத்துக்கு வாருங்கள். நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன், இஸ்ரோ விஞ்ஞானி. 1994-இல் உளவு வழக்கில் கைது, 50 நாள் காவல். வழக்கே பொய் என்று 1996-இல் சிபிஐ சொன்னது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதோ 2018-இல். அங்கே 50 அடி, இங்கே 50 நாள், 50 லட்சம். இந்த 50 நம்மை விடுவதாக இல்லை!

சரி, மாட்டுகிற எல்லோரும் நிரபராதி என்று சொல்ல நான் வரவில்லை. 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் கேப்டன் ஹன்சி குரோனியே மீது டெல்லி போலீஸ் சூதாட்டப் புகார் சொன்னபோது, ‘அவரா? இருக்கவே இருக்காது’ என்று கட்சி கட்டிச் சண்டை போட்டவன் நான். நாலைந்து நாளில் பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டார். ஆக, இரண்டு பக்கமும் தோற்ற அனுபவம் எனக்கு உண்டு.

நயினியப்பரின் மகன் குருவப்பர் பாரிஸ் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தகப்பனாக நின்றவர் அப்போது பிரான்சை ஆண்டுகொண்டிருந்த ஆர்லியன்ஸ் பிரபு. செவாலியே பட்டத்தோடு திரும்பி, அப்பா இருந்த பதவியிலேயே உட்கார்ந்தார். பாதிரிமார்கள் கேட்டபடி கிறிஸ்தவரே வந்தார், என்ன, நயினியப்பர் மகனாக வந்தார்! வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைத்தெருவைத் தாண்டித்தான் போயிருப்பார். அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்கள். அவர் அவர்களை எப்படிப் பார்த்திருப்பார் என்றுதான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.