பிள்ளைகளின் தட்டும் பொதுப்பணமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் சாப்பாட்டுக்கு வரி கட்டுகிறவர்கள் ஏன் பணம் தர வேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டுத் தொடங்குவது மேடைக்கு எளிது. ஆனால் அந்தக் கேள்விக்குள் நியாயமான கவலை ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது தாய் தந்தையரின் முதற்கடமை. அதை அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்டால் அந்தப் பொறுப்புணர்வு தளர்ந்துவிடாதா, ஒழுங்காக உழைத்துத் தன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டுமா என்று கேட்பது குற்றமன்று. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுப்பணத்திலிருந்துதான் தர வேண்டும். எனக்கு வழக்கு இருப்பது, அந்த உணவை ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வரையறுப்பதோடுதான்.

இந்த விவாதம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைக் கட்டாயமாக்கியது. அதுவரை வறுமை வீட்டுக்குள்ளேயே மறைந்து கிடந்தது. கட்டாயக் கல்வி வந்த பிறகு அது வகுப்பறைப் பலகையில் வந்து உட்கார்ந்தது. வெறும் வயிற்றோடு வந்து மயங்குகிற பிள்ளைக்கு எழுத்தைக் கற்பிக்க முடியவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு அரசு அசைந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுக்கப் போனபோது உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களின் தொகையைக் கண்டுதான் அசைந்தது. 1904இல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்தது; 1906இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. பசித்த பிள்ளை தராத அவசரத்தை, சரியான சிப்பாய் கிடைக்காத கவலை தந்தது என்பதை வரலாற்றின் நகைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டம் மிகவும் தயங்கித் தயங்கி எழுதப்பட்டது. உள்ளாட்சிகள் விரும்பினால் உணவு தரலாம். அதற்குச் செலவிடும் தொகை, சொத்து மதிப்பில் ஒரு பவுண்டுக்கு அரைப் பென்னி வீதம் உள்ளூர் வரி போட்டால் கிடைப்பதைத் தாண்டக் கூடாது. இருந்தாலும் அதில் ஒரு பிரிவை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தக் காலத்தில் ஏழைகளுக்கான அரசு உதவியைப் பெற்றவர் வாக்குரிமையை இழப்பார். பிள்ளையின் பள்ளி உணவுக்குப் பணம் கட்டத் தவறிய தகப்பனுக்கு அந்தத் தண்டனை கிடையாது என்று இந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. அரசியல் சட்ட அறிஞர் டைசிக்கு இது பொறுக்கவில்லை. தகப்பனாகத் தன் கடமையைச் செய்யாதவன் குடிமகனுக்குரிய முழு உரிமையோடு ஏன் இருக்க வேண்டும் என்று 1914இல் எழுதினார். இன்றைக்கும் ‘இலவசம் மனிதனைக் கெடுக்கும்’ என்று கேட்கும்போதெல்லாம் அவர் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

டைசியின் வாதத்தில் உள்ள பிழை, பிள்ளை இருக்குமிடத்தை மறந்துவிடுவதுதான். நாளின் நல்ல பொழுதெல்லாம் பிள்ளையைத் தன்னிடம் அனுப்பியாக வேண்டும், அனுப்பாவிட்டால் தண்டம் என்று பெற்றோரிடம் அரசு சட்டம் போட்டுக் கேட்கிறது. அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்ட பிள்ளைக்குக் கூரையும் கரும்பலகையும் ஆசிரியரும் பொதுச் செலவில் தருவோம், நடுப்பகலில் வரும் பசி மட்டும் உன் வீட்டுச் சொத்து என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? பள்ளிக் கட்டணமும் ஒருகாலத்தில் பெற்றோரின் கடமை என்றுதான் வாதிடப்பட்டது. அதைப் பொதுச் செலவில் சேர்த்ததால் பெற்றோர் பாசம் குறைந்துபோனதாக இன்று யாரும் சொல்வதில்லை.

1906க்குப் பிறகு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் செய்த ஒரு சோதனையை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 1907இல் அந்நகரின் பள்ளி மருத்துவ அதிகாரி ரால்ஃப் கிரௌலி, மிக ஏழை வீடுகளைச் சேர்ந்த 40 பிள்ளைகளுக்குச் சில மாதம் காலையும் நண்பகலும் பள்ளியில் உணவு தர ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பிள்ளையையும் தராசில் நிறுத்தி எடையைக் குறித்தார்கள். பள்ளி உணவு பெறாத வேறு பிள்ளைகளின் எடையையும் ஒப்பிடுவதற்காகக் குறித்துக்கொண்டார்கள். உணவு பெற்ற பிள்ளைகளின் எடைக்கோடு தொடக்க வாரத்திலேயே மேலேறியது. இடையில் விடுமுறை வந்தது, அடுப்பு அணைந்தது, கோடு கீழே இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. பெற்றோர் சோம்பேறிகள் என்பதுதான் பிள்ளையின் பசிக்குக் காரணம் என்றால், விடுமுறையில் பிள்ளை கண்ணெதிரே இருக்கும்போதாவது அவர்கள் ஊட்டியிருக்க வேண்டும். அவர்கள் கையில் காசு இல்லை என்பதைத் தராசு காட்டிக்கொடுத்தது.

இனி, வரி கட்டுகிறவர் யார் என்று பார்ப்போம். வருமான வரி செலுத்துகிறவர் மட்டுமே வரி கட்டுகிறார் என்ற நினைப்பில்தான் இந்தக் கேள்வியே எழுப்பப்படுகிறது. பொருள்களின் விலைக்குள் ஒளிந்திருக்கும் மறைமுக வரியைக் கடைநிலைக் கூலித் தொழிலாளியும் கட்டுகிறார். தம் வருமானத்தில் அவர் அதற்குக் கொடுக்கும் பங்கு செல்வந்தர் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆகவே ஏழைப் பிள்ளையின் தட்டில் விழுவது முழுக்க அடுத்தவர் பணம் என்ற கணக்கு தொடக்கத்திலேயே தவறு. இதனாலேயே இதை அன்னதானம் என்று பாராட்டுவதையும் நான் ஏற்பதில்லை. தானத்தில் கொடுப்பவருக்குப் புண்ணியமும் வாங்குபவருக்கு நன்றிக்கடனும் உண்டு. பொதுச் செலவில் இரண்டும் இல்லை.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவீடனில் 1950களின் இறுதியிலும் 1960களிலும் சத்தான இலவச மதிய உணவு ஊர் ஊராக, வெவ்வேறு ஆண்டுகளில் அறிமுகமானது. முன்னரே பெற்ற ஊரையும் பின்னால் பெற்ற ஊரையும் ஒப்பிட அது நல்ல வாய்ப்பாக அமைந்தது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும் அந்த உணவை உண்டவர்களின் வாழ்நாள் வருமானம் சராசரியாக 3 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகக் கண்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன் இன்னும் அதிகம். ஆனால் மிகப் பெரிய பணக்கார வீடுகளைத் தவிர மற்ற எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்குமே பயன் இருந்தது. கூடுதலாக ஈட்டுகிறவர் கூடுதலாக வரியும் கட்டுவார். செலவு என்று நாம் எழுதிவைத்த தொகையில் ஒரு பகுதி இப்படிக் காலம் கழித்துக் கருவூலத்துக்கே திரும்புகிறது.

நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கும் பயன் உண்டு என்ற அந்தச் செய்திதான் என் வழக்கின் மையத்துக்கு என்னைக் கொண்டுவருகிறது. ஏழைக்கு மட்டும் தருவோம் என்று முடிவு செய்த மறுகணம், யார் ஏழை என்று யாராவது பிரித்தாக வேண்டும். அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் வழியே வளர்ந்த முறையில், குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம், 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் சலுகை விலை, அதற்கு மேல் முழு விலை. காகிதத்தில் இது நேர்த்தியாகத்தான் தெரிகிறது. கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிற வீடு என்ன ஆகும்? படிவம் நிரப்பத் தெரியாத தாய், நிரப்பக் கூச்சப்படும் தகப்பன், மாதத்துக்கு மாதம் கூலி மாறும் வீடு இவையெல்லாம் என்ன ஆகும்? பிள்ளையின் கணக்கில் சாப்பாட்டுக் கடன் ஏறும்.

2014 ஜனவரியில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்தது அப்போது உலகச் செய்தியானது. பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டில் உணவை வாங்கிக்கொண்டு கடைசி மேசைக்கு வருகிறார்கள். அங்கேதான் யார் கணக்கில் பணமில்லை என்று தெரிகிறது. பணமில்லாத முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு, மாற்றாகப் பழமும் பாலும் கொடுத்தார்கள். ஒருவர் கைக்குப் போன உணவை இன்னொருவருக்குப் பரிமாறக் கூடாது என்பது விதி. எனவே பிடுங்கிய உணவைக் குப்பையில் கொட்டினார்கள். பொதுப்பணம் வீணாகக் கூடாது என்று ஏற்படுத்திய காவல், ஆக்கிய சோற்றைக் கொட்டுவதில் வந்து முடிந்தது. கடன் வைத்திருக்கும் பிள்ளையை இப்படி எல்லார் முன்னும் அவமானப்படுத்துவதைத் தடுக்க 2017இல் நியூ மெக்சிகோ மாநிலம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

பின்லாந்து இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. போர்க்காலத்தில், 1943இல், கையில் வசதியில்லாத நிலையிலேயே எல்லாப் பிள்ளைக்கும் இலவச உணவு என்று சட்டம் செய்தது. 1948இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பணக்காரன் பிள்ளைக்கும் பொதுச் சோறா என்று உடனே கேட்பார்கள். ஆம், அவன் பிள்ளைக்கும்தான். தெருவிளக்கின் வெளிச்சத்தில் நடப்பவரிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லையே! செல்வந்தரிடம் கூடுதலாக வாங்க வேண்டியதை வரி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். அந்த வேலையைப் பத்து வயதுப் பிள்ளை தட்டேந்தி நிற்கும் வரிசையில் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவும் மெல்ல இந்தப் பக்கம்தான் வருகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் தனித்தனிப் படிவம் இல்லாமல் எல்லாருக்கும் தர வழி செய்தது. 2022–23 கல்வியாண்டு முதல் கலிபோர்னியாவும் மேய்னும் மாநிலம் முழுக்கத் தருகின்றன. எல்லாருக்கும் தரப் பணம் போதாத நாடுகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே பின்தங்கிய வட்டாரங்களைத் தேர்ந்தெடுங்கள், பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உணவாகத் தராமல் தானியமாகவோ பணமாகவோ வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் செலவு குறையுமே என்பாரும் உண்டு. இந்தியா அதைச் செய்து பார்த்த நாடு. 1995இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சமைத்த உணவு என்பதே நோக்கமாக இருந்தும், பெரும்பாலான மாநிலங்கள் மாதத்துக்கு 3 கிலோ தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டன. வீட்டுக்குப் போன தானியம் வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்காகியது. அதில் தவறும் இல்லை, ஆனால் நண்பகலில் பள்ளியில் இருந்த பிள்ளையின் பசி அப்படியே இருந்தது. 1956இலேயே காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவைத் தொடங்கி 1982இல் அதைப் பெரிதாக விரித்த தமிழ்நாடு போன்ற ஒரு சில மாநிலங்கள்தான் சமைத்துப் போட்டன. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டில் குறைந்தது 200 நாள் தர வேண்டும் என்று ஆணையிட்ட பிறகே மற்றவை வழிக்கு வந்தன. ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதைச் சாதியும் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத ஊர்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைத்தான் பேசியவன் ஆவேன்.

வரி கட்டுகிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த பள்ளி உணவை உண்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். பொதுப்பணத்தில் தருகிறோம் என்பதனாலேயே உணவு நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. எந்த வீட்டுப் பிள்ளை சாப்பிட்டது என்று துருவுவதற்குச் செலவிடும் அக்கறையை, எண்ணெய் எந்தப் பாத்திரத்தில் வந்தது, சமைப்பவருக்குச் சம்பளம் எப்போது போனது, அடுப்படிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்குச் செலவிடலாம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவராவது உணவைச் சுவைத்துப் பார்த்தாக வேண்டும். ஏதாவது காரணத்தால் உணவு தரப்படாமல் போனால் அதற்கு ஈடான தானியமும் பணமும் பிள்ளைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள்களோ மாதத்தில் ஐந்து நாள்களோ உணவு நின்றுபோனால், அதற்கு யார் பொறுப்பு என்று மாநில அரசு கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த விதி தங்கள் ஊரில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்க, வரி கட்டுகிற எவருக்கும் முழு உரிமை இருக்கிறது.

வணக்கம்.