அட்டை போன புத்தகத்தின் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நூலக வார விழாவுக்கு வந்திருக்கும் தர்மபுரிப் பெருமக்களே, பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கில வகுப்பில் படிக்கக் கொடுக்க வேண்டியது காலம் கடந்து நின்ற செவ்விலக்கியமா, அந்த வயதுக்கென்றே எழுதப்பட்ட இளையோர் இலக்கியமா என்பது தலைப்பு. நான் இளையோர் இலக்கியத்தின் பக்கம். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அதனால்தான் இந்தப் பக்கம், வேறு காரணம் இல்லை.

எதிரணித் தலைவர் நெல்லிக்கனியில் ஆரம்பித்தார். அதியமான் ஆண்ட பழைய தகடூர்தானே நம் தர்மபுரி, இங்கே மேடை போட்டால் நெல்லிக்கனி வராமல் போகாது. செவ்விலக்கியமும் அப்படித்தான், முதலில் துவர்க்கும், அப்புறம் இனிக்கும் என்றார். சரி, ஆனால் புறநானூறு 91ஆம் பாட்டைக் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும், ஐயா. ‘ஆதல் நின்னகத்து அடக்கிச் சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே’ என்கிறார் ஔவையார். அந்தக் கனியின் பெருமையை அதியமான் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டுதான் கொடுத்தான். எந்த மலையில் பறித்தேன், தின்றால் என்ன ஆகும் என்று அரைமணி நேரம் பாடம் எடுக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? ஆசிரியர் குறிப்பு, பிறந்த வருஷம், வாங்கிய பரிசு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்ட பிறகுதான் கதைக்கே வருகிறோம். அதற்குள் பாதி வகுப்பு ஜன்னல் வழியாக வெளியே போய்விடுகிறது.

அடுத்தவர் ஷேக்ஸ்பியரை எடுத்தார். பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் டெம்பெஸ்ட் இருக்கிறதே, பிள்ளைகள் படிக்கவில்லையா என்று கேட்டார். படிக்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது ஷேக்ஸ்பியரின் நாடகம் இல்லை, உரைநடையில் சொன்ன கதை. ஷேக்ஸ்பியரை இப்படிக் கதையாக்கிப் பேர் வாங்கியவர்கள் மேரி லாம், சார்லஸ் லாம் என்கிற அக்கா தம்பி. 1807இல், இளையவர்களுக்கென்றே எழுதினார்கள். அந்தப் புத்தகத்தின் முன்னுரை அருமையானது. முக்கியமாகப் பெண்பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதினோம், ஆண்பிள்ளைகளுக்கு அப்பாவின் நூலகம் சீக்கிரமே திறந்துவிடுகிறது, பெண்களுக்கு அப்படி இல்லை என்கிறார்கள். ஆக, எதிரணி ஷேக்ஸ்பியர் என்று தூக்கிக் காட்டிய சரக்கே எங்கள் கடைச் சரக்கு.

பெண்பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. இளையோர் கதைகளில் காதல் வரும், பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று எதிரணி அக்கா கவலைப்பட்டார். அக்கா, போன வருஷம் பொங்கல் லீவு முடிந்தும் என் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. எந்தக் கதைப் புத்தகமும் அவளைக் கெடுக்கவில்லை, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரோ போன் போட்டு, அதிகாரிகள் வந்து, கல்யாணம் நின்றது. திரும்பி வந்தவளிடம் நான் என்ன பேசுவது? மலாலாவின் வாழ்க்கைக் கதையை இளையோருக்காக மாற்றி எழுதி 2014இல் ஒரு பதிப்பு வந்தது, அதைக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பேசியதற்காக 15 வயதில் சுடப்பட்ட பெண். மூன்று வாரம் வைத்திருந்தாள். படித்தாயா என்று நான் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்தபோது நடுவில் ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது.

இனி, என் கட்சிக்கு ஒரே ஒரு சாட்சி. எஸ். இ. ஹிண்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’. அமெரிக்காவில் டல்சா என்ற ஊரில், பள்ளியில் படிக்கும்போதே அந்தப் பெண் எழுதியது. 1967இல் அச்சில் வந்தபோது அவருக்கு வயது 18. அப்பா அம்மா விபத்தில் இறந்துபோன மூன்று அண்ணன் தம்பிகள். கதை சொல்பவனுக்கு வயது 14. அதனால் வாக்கியமும் அந்த வயசுப் பையன் பேசுகிற வாக்கியமாகவே இருக்கும். புத்தகம் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்வேன். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவேன். இதில் மூன்று மடங்கியது.

நூலகப் பீரியடில் வாரம் ஒருமுறை சத்தமாக வாசித்தேன். மூத்தவன் டேரி, 20 வயசு. காலேஜ் போக வேண்டியவன், தம்பிகளுக்காக வீடுகளுக்குக் கூரை போடும் வேலைக்குப் போகிறான். அந்த இடம் வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சென்ட்ரிங் வேலையா சார்?” அவன் அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். ஆயாவோடு இருக்கிறான். ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. சென்ட்ரிங் இல்லைடா, கூரைதான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “எவ்வளவு சார் கூலி?” என்றான். புத்தகத்தில் தேடிப் பார்க்கலாம், நீயே தேடு என்று அவனிடம் கொடுத்தேன்.

அதில் கத்திக்குத்து வருகிறது, சிகரெட் வருகிறது என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் விருந்துக்கு வந்து தூங்குகிற ராஜாவைக் குத்திக் கொல்கிறார்களே, அது மட்டும் செவ்விலக்கியமா? பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை இருக்கிறது என்பதும் நியாயம்தான். அதனால்தான் நான் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிக்கிறேன்.

இளையோர் கதை என்று லேபிள் ஒட்டியதெல்லாம் உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை அமெரிக்கப் பள்ளி நடன விருந்தைப் பற்றிய கதையை எடுத்துப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். விருந்துக்கு ஏன் பையனும் பெண்ணும் ஜோடியாகப் போகிறார்கள் என்று விளக்குவதிலேயே இரண்டு பீரியட் போய்விட்டது. தேர்ந்தெடுத்தது என் தப்பு. நம் நாட்டு எழுத்தாளர் ரஸ்கின் பாண்ட் 17 வயதில் எழுதி 1956இல் வந்த ‘தி ரூம் ஆன் தி ரூஃப்’ பக்கம் போயிருந்தால், டேராடூன் கடைத்தெருவும் டீக்கடையும் பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்திருக்கும்.

நடுவர் மணியைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். எதிரணி பட்டியல் போட்ட நூல்கள் எல்லாம் எங்கள் பள்ளி பீரோவிலும் உண்டு. அட்டை கசங்காமல் புதுசாகவே இருக்கின்றன, சாவி எங்கே என்றுதான் தேட வேண்டும். டேரி கதை என்னிடம் இல்லை. கூலி எவ்வளவு என்று தேடப் போனவன் அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தான், அங்கிருந்து பத்தாம் வகுப்புக்குப் போனதாகக் கேள்வி. அட்டை போய்விட்டதாம், பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்களாம். நன்றி, வணக்கம்.