அறுந்தது ஒரே வலைதான்

(தங்கச்சிமடத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘அரசியல் பேச்சில் நம்மை நடத்துவது அறிவா? அணிப்பற்றா?’ அணிப்பற்றே என்ற அணியில் பேசிய உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடலுக்குப் போய்வந்த அலுப்போடு மணலில் உட்கார்ந்து கேட்கிற என் ஊர்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி சொன்னார்: “விவரம் தெரியாததால்தான் ஜனங்கள் கட்சி கட்டிப் பேசுகிறார்கள். புள்ளிவிவரத்தைக் கையில் கொடுத்தால் அறிவு ஜெயித்துவிடும்.” நான் கணக்கு டீச்சர். அவர் சொல்வது பலிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் இந்தப் பந்தலில் இருக்க மாட்டார். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பார்த்தது வேறு.

அப்பா நாட்டுப்படகு. அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகிற வலையைத்தான் மடி என்போம். ஒருநாள் விடியக்காலம் அப்பா நண்டு வலையோடு கரைக்கு வந்தார். பாதி வலைதான் இருந்தது. திண்ணையில் விரித்துப் போட்டு, அறுந்த இடத்தை விரலால் தடவினார். “பாரு, மடி இழுத்துப் போன தடம். இந்த விசைப்படகுக்காரனுக இருக்கிற வரைக்கும் நமக்குச் சோறு இல்ல” என்றார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ராத்திரி அந்தப் பக்கம் மடி இழுத்தது உங்க மகன் போன படகுதானாம்.” அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. வலையை மறுபடி கையில் எடுத்தார். அதே இடத்தைத் தடவினார். “ராத்திரி வாடை பலமா அடிச்சுச்சுல்ல. பாறையில மாட்டி அறுந்திருக்கும்” என்றார்.

என் அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அந்த நிமிடம் அவருக்குப் பாறைதான் தெரிந்தது. முதலில் மடியின் தடத்தைப் பார்த்த அதே கண், மகன் பேச்சு காதில் விழுந்ததும் பாறையைப் பார்த்தது. இதைத்தான் எங்கள் அணி அணிப்பற்று என்கிறது.

இப்போது டீக்கடைக்கு வாருங்கள். கச்சத்தீவைப் பேசாமல் இங்கே எந்தத் தேர்தலும் போனதில்லை. 285 ஏக்கர் நிலம். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. நம் மீனவர்களும் யாத்திரை போகிறவர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இலங்கைக் கடலில் நம் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் இரண்டு அரசும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் வந்தது. 1974இல் டெல்லியில் காங்கிரஸ், சென்னையில் தி.மு.க. 1976 மார்ச்சில் நாடு முழுக்க நெருக்கடிநிலை. இங்கே ஆட்சியைக் கலைத்துவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி.

பெஞ்சின் ஒரு முனையில் இருப்பவர் 1974ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்: “அப்ப இங்க யார் ஆட்சி?” மறுமுனையில் இருப்பவர் 1976ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்: “அப்ப எங்க ஆட்சியே இல்லையே!” இருவர் சொல்வதும் உண்மைதான். இரண்டு வருஷத்தையும் சேர்த்துச் சொல்கிற ஒருவரைக் காட்டுங்கள் தம்பி. விவரம் இங்கே குறையவில்லை. எந்த விவரத்தைக் கையில் எடுப்பது என்பதைக் கட்சிதான் முடிவு செய்கிறது.

சரி, நன்றாகப் படித்தவர்கள்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹானும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு எண் அட்டவணை. சிலரிடம், இது தோல் அரிப்புக்கான களிம்பைச் சோதித்த கணக்கு என்று கொடுத்தார்கள். வேறு சிலரிடம், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போவதைத் தடை செய்த ஊர்களில் குற்றம் கூடியதா குறைந்ததா என்ற கணக்கு என்று கொடுத்தார்கள். எண்கள் அதே எண்கள். களிம்பு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியான விடையை எட்டினார்கள். துப்பாக்கித் தடை அங்கே கட்சி பிரிந்து சண்டை போடுகிற விஷயம். துப்பாக்கி என்றதும், விடை தங்கள் பக்கத்துக்குச் சாதகமாக இருந்தால்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. இரு பக்கத்துக்கும் நடுவே இருந்த பிளவு, கணக்குத் தெரிந்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிறோம். கணக்குப் படித்த மாமியாராக இருந்தால், அந்தப் பொன்னுக்கு எடையும் விலையும் போட்டுக் காட்டிவிடுவார்!

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் நாளைக்குச் சிலர் என்னிடம் முகம் கொடுக்க மாட்டார்கள். இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகிறது. குஞ்சும் போகிறது, பாசியும் போகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு ஏன் தடைக்காலம் என்று கேட்டால் என் அண்ணனே அழகாக விளக்குவான். அக்கரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், மடி வந்து வலை அறுந்து உட்கார்ந்திருப்பவரும் தமிழ் மீனவர்தான். போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவர். இலங்கை 2017இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடை செய்தது. நம் பிள்ளைகளைச் சுடுவதும், சிறையில் போடுவதும், படகைப் பறிப்பதும் அநியாயம்; அதை எந்த மேடையிலும் சொல்வேன். கூடவே அவர்கள் வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினால், நான் சொன்னது சரியா தப்பா என்று ஒருவரும் கேட்பதில்லை. “நீ எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்கிறார்கள். நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியைக் கேட்பது அறிவா, அணிப்பற்றா?

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, வலை ஊசியைக் கையில் எடுத்துத் தைக்க ஆரம்பித்தான். மடி இழுத்தால் வலை எப்படி அறும், பாறையில் மாட்டினால் எப்படி அறும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். விளக்கு வைக்கிற வரைக்கும் தைத்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நன்றி, வணக்கம்.