மாம்பூ திரண்டு நின்றால் உரமா, கத்தியா?

[திரையில்: இரண்டு மாம்பூங்கொத்துகள், அருகருகே]

இடப்பக்கம் இருப்பது நல்ல பூங்கொத்து. அடி அகன்று, நுனி குறுகி, காற்று நுழையும்படி பிரிந்து நிற்கிறது. வலப்பக்கம் இருப்பதும் மாம்பூதான். ஆனால் தண்டு தடித்து, கிளைகள் குட்டையாகி, காலிஃபிளவர் மாதிரி பச்சையாகத் திரண்டிருக்கிறது. கையில் எடுத்தால் கனக்கும். பூவுக்குக் குறைவில்லை, ஆனால் பெரும்பாலும் ஆண் பூக்கள். பிஞ்சு பிடிக்காது. நல்ல கொத்து காய்த்து முடிந்த பிறகும், இது கருத்துக் காய்ந்து மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இதைப் பார்த்ததும் "சத்துக் குறைபாடு" என்று நுண்ணூட்ட பாட்டிலை வாங்கி அடிப்பவர்கள் நிறைய. கடைக்காரருக்கு வியாபாரம், அவ்வளவுதான்.

இந்தக் கோளாறு முதலில் பதிவானது 1891-ல், பீகாரின் தர்பங்காவில். சத்துப் பற்றாக்குறை, வைரஸ், சிலந்திப்பேன், ஹார்மோன் கோளாறு என்று காரணம் பற்றிய வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1966-ல் இந்திய ஆய்வாளர்கள் ஃபியூசேரியம் என்ற பூசணத்தைக் காட்டினார்கள். அந்த இனத்துக்கு ஃபியூசேரியம் மாஞ்சிஃபெரே என்று பெயர் வைத்தது 2002-ல்தான். மொட்டுக்குள் புகுந்து, அங்கே ஹார்மோன் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. சிலந்திப்பேனும் சும்மா இல்லை. பூசண வித்துகளைச் சுமந்து போய் மொட்டில் காயம் உண்டாக்குகிறது. வட இந்தியாவில் தொல்லை அதிகம், பூக்கும் பருவத்தில் அங்கே நிலவும் குளிர் இதற்கு ஏற்றது. தெற்கே குறைவு.

[திரையில்: இளங்கன்றின் நுனி, நெருக்கத்தில்]

குழப்பம் வருவது இங்கேதான். இளங்கன்றில் இதே நோய் வந்தால் நுனி வீங்கி, குட்டிக் குட்டித் தளிர்களாகக் கொத்துக் கட்டும். துத்தநாகம் போதாத கன்றிலும் இலை சிறுத்து, கணு நெருங்கி, நுனி கொத்தாகத்தான் தெரியும். எப்படிப் பிரிப்பது? துத்தநாகக் குறை தோட்டத்தில் பரவலாகத் தெரியும், முக்கியமாகச் சுண்ணாம்பு மண்ணில். அங்கே துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாது. இலை தடித்து, நரம்புகளுக்கு நடுவே வெளுத்திருக்கும். நோயோ ஒரு நுனியைப் பிடிக்கும், பக்கத்துக் கிளையை விட்டுவிடும்.

துத்தநாகக் குறை என்றால் லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், அதில் பாதி அளவு சுண்ணாம்பு சேர்த்து இளம் இலையில் தெளிக்கலாம். அடுத்து வரும் தளிரில் பலன் தெரியும்.

பூசணம் என்றால் கத்திதான். திரண்ட கொத்தை மட்டும் கிள்ளி எறிந்தால் போதாது. அதற்குக் கீழே நன்றாக இருக்கும் குச்சியிலும் ஒரு சாண் சேர்த்து வெட்டி, எரித்துவிட வேண்டும். அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்தரியைக் கிருமிநாசினியில் நனைத்துவிடுங்கள். வடக்கே அக்டோபர் முதல் வாரத்தில் என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) என்ற பயிர் ஹார்மோனை 200 பி.பி.எம். அளவில், அதாவது லிட்டருக்கு 200 மில்லிகிராம், தெளிப்பதும் வழக்கம். நோயைக் குறைக்கும், ஒழிக்காது.

ரகத்துக்கு ரகம் வித்தியாசமும் உண்டு. தசேரியும் நம் நீலமும் சேர்ந்து பிறந்த ஆம்ரபாலி இதற்கு எளிதில் இடம் கொடுக்கும். பதவ்ரான் என்ற வட இந்திய ரகம் தாக்குப்பிடிக்கும். ஒட்டுக்கன்று வாங்கினால் நர்சரியில் தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கருத்த கொத்து ஒன்று தொங்கினாலும் அந்தக் கன்று வேண்டாம். ஒட்டுக்குச்சி வழியாகவும் இந்த நோய் ஊர் விட்டு ஊர் போகிறது.