சம்பளம் வாங்காத இளவரசர், மிரட்டி வாங்கிய அதிகாரம்

வணக்கம் மக்களே. வெளியே மழை, அதனால் வெளிச்சம் கொஞ்சம் கம்மி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய இளவரசர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரிப்பன் வெட்டுவார், பால்கனியில் நின்று கையசைப்பார், அவ்வளவுதான். இன்றைக்கு நான் பேசப்போகிற ஆள் அந்த ரகமே இல்லை. லீக்டன்ஸ்டைன் நாட்டின் இரண்டாம் ஹான்ஸ்-ஆடம். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட குட்டி நாடு அது, மொத்தமே 160 சதுர கிலோமீட்டர், சுமார் 40,000 பேர். தமிழில் இளவரசர் என்றால் ராஜாவின் மகன் என்றுதான் அர்த்தம், ஆனால் அங்கே இவருக்கு மேல் ராஜா என்று யாரும் கிடையாது, இவரேதான் தலைவர். 'சிற்றரசர்' என்ற நம் பழைய சொல் இவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

இவர் குடும்பத்தின் கதையே வேடிக்கை. 1699-லும் 1712-லும் இரண்டு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கி, 1719-ல் அதை ஒரு தனி நாடாக்கிக்கொண்டார்கள். எதற்கு? அப்போது ஜெர்மன் பகுதிகளை ஆண்ட புனித ரோமப் பேரரசின் சபையில் ஓர் இடம் வேண்டும், அதற்கு நேரடியாகப் பேரரசரின் கீழ் வரும் நிலம் கையில் இருக்க வேண்டும். வாங்கினார்களே ஒழிய அங்கே குடியேறவில்லை, வியன்னாவிலேயே சொகுசாக இருந்துவிட்டார்கள். முதன்முதலில் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாகத் தங்கியவர் இவருடைய அப்பா இரண்டாம் பிரான்ஸ் ஜோசப், அதுவும் 1938-ல்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த குடும்பச் சொத்தெல்லாம் பறிபோனது. அந்த நிலங்கள் நாட்டைவிடவே பல மடங்கு பெரியவை. கையில் காசில்லாமல் ஓவியங்களை விற்றார்கள், லியொனார்டோ டா வின்சி வரைந்த கினேவ்ரா படம் 1967-ல் அமெரிக்காவுக்குப் போனது இப்படித்தான். அதன் பிறகுதான் மகன், அதாவது நம்ம ஹான்ஸ்-ஆடம் வருகிறார். 1945-ல் பிறந்தவர், பொருளாதாரம் படித்தவர், குடும்பச் சொத்தைக் கையில் எடுத்து, எல்ஜிடி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்த குடும்ப வங்கியைப் பெரிதாக வளர்க்கிறார். (2008-ல் அந்த வங்கிக் குழுமத்திலிருந்து திருடப்பட்ட வாடிக்கையாளர் தகவல் ஜெர்மனியின் கைக்குப் போய், பெரிய வரி ஏய்ப்பு விவகாரமே வெடித்தது, அது தனி வீடியோ போட வேண்டிய கதை.)

இங்கேதான் விஷயம். இந்தக் குடும்பம் செலவுக்காக மக்கள் வரிப்பணத்திலிருந்து மானியம் வாங்குவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் முதலில் பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன். ஆனால் சம்பளம் வாங்காத ஆளை யாரும் வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று பயமுறுத்த முடியாது, அவர்தான் உங்களைப் பயமுறுத்துவார்.

2003-ல் நடந்தது அதுதான். அரசியலமைப்பை மாற்ற வேண்டும், இல்லையென்றால் நான் குடும்பத்தோடு வியன்னாவுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஐரோப்பா கவுன்சிலின், அரசியலமைப்பு விஷயங்களில் ஆலோசனை சொல்லும் வெனிஸ் ஆணையம் இது ஜனநாயகத்துக்குப் பின்னடைவு என்று எச்சரித்தும், வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கும் மேல் இவருக்கே ஆதரவு. புதிய அரசியலமைப்புப்படி இவர் அரசை நீக்கலாம், நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கலாம். எந்தச் சட்டமானாலும் இவர் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை, ஆறு மாதம் கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தாலே சட்டம் செத்துவிடும்.

சரி, இது சும்மா காகிதத்தில் இருக்கிற அதிகாரமா? இல்லை. 2004-லேயே அன்றாட ஆட்சிப் பொறுப்பை மகன் அலோயிஸிடம் கொடுத்துவிட்டார், பட்டம் மட்டும் அப்பாவிடம். 2011-ல் கருக்கலைப்பைத் தண்டனையிலிருந்து விலக்க ஒரு வாக்கெடுப்பு வந்தது. நீங்கள் எப்படி வாக்களித்தாலும் நான் ஒப்புதல் தரமாட்டேன் என்று அலோயிஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தீர்ப்பு எழுதிவிட்டு வழக்கு நடத்துகிற மாதிரி இல்லையா? அந்த யோசனை கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றது. கடுப்பான சிலர் இந்த ரத்து அதிகாரத்தையே குறைக்க வேண்டும் என்று 2012-ல் இன்னொரு வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். 76 சதவீதம் பேர் வேண்டாம், இளவரசரிடமே இருக்கட்டும் என்றார்கள்.

எனக்கு இது ஜீரணிக்கவே முடியவில்லை. மக்கள் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை, அவர் இருப்பதால் நாடு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நிஜமாகவே நம்பலாம். ஆனால் போவதற்கு வேறு அரண்மனை இருக்கிறவர் போய்விடுவேன் என்று சொல்வதும், போக்கிடம் இல்லாத மக்கள் அதைக் கேட்டு வாக்களிப்பதும் சமமான பேரம் இல்லையே.

அப்புறம் ஒன்று, நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன். அதே 2003 மாற்றத்தில் அவரே ஒரு கதவையும் திறந்து வைத்தார். 1,500 குடிமக்கள் கையெழுத்துப் போட்டால் முடியாட்சியையே ஒழிக்கும் நடைமுறையைத் தொடங்கலாம். நாட்டின் 11 ஊராட்சிகளில் எது வேண்டுமானாலும் பிரிந்து போக முடிவெடுக்கலாம், ஐரோப்பாவில் வேறு எந்த அரச குடும்பம் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறது சொல்லுங்கள்? இதுவரை எந்த ஊரும் பிரியவில்லை. ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் தேசிய நாள்தான், அன்றைக்குத் தலைநகர் வாடூஸில் இருக்கும் கோட்டைக்குப் பக்கத்துப் புல்வெளியில் கூடி இளவரசர் பேச்சைக் கேட்டுவிட்டு, கோட்டைத் தோட்டத்தில் அந்தக் குடும்பம் கொடுக்கும் பீரைக் குடிப்பது பல வருஷப் பழக்கம்.