கொழும்பு மேடையில் எங்கள் களரி

(திரை இருட்டாக இருக்கிறது. மத்தளச் சத்தம் மட்டும் கேட்கிறது.)

வணக்கம் உறவுகளே. கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். எங்கே கேட்டது போல இருக்கிறது? முள்ளியவளையில் ஒரு கோயில் வீதியா? மன்னார்ப் பக்கம் ஒரு தேவாலய முற்றமா? விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்த இரவா?

இது கொழும்பு. கறுவாத்தோட்டத்தில் லயனல் வென்ட் அரங்கு. நாடகம் தொடங்குவதற்கு முன்னால் மத்தளக்காரர் வாரை இழுத்து இறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு, வெளிக்கதவுப் பக்கம் நின்று பதிவு செய்தேன். அன்றைக்கு மேடையேறியது சிங்கள நாடகம். உள்ளே போய் இருந்து, விளக்கு அணைந்து, முதல் அடி விழுந்ததும் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எங்கட கூத்தெல்லோ?" என்றார்.

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று வீடு வந்து தேடிப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடியோவைக் கடைசி வரை பாருங்கள்.

சரி, முதலில் ஒரு கேள்வி. வன்னியில் இருந்து நாங்கள் கொழும்புக்கு எதற்குப் போகிறோம்? பாஸ்போட் எடுக்க. பெரியாஸ்பத்திரிக்கு. கட்டுநாயக்காவில் ஆள் ஏற்றிவிட. வேலை முடிந்ததும் இரவு பஸ் பிடித்து, விடியும்போது மாங்குளத்தில் கண் விழிப்போம். நாடகம் பார்க்க என்றே கொழும்புக்குப் போய்வந்த ஒருவரை என் ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் அந்த அரங்குகளில் ஒன்றின் வாசலை உங்களில் பாதிப்பேர் தாண்டித்தான் போயிருப்பீர்கள். பஞ்சிகாவத்தை தெரியும்தானே? லாண்ட்மாஸ்டருக்கும் ஓட்டோவுக்கும் இங்கே சாமான் கிடைக்காவிட்டால் "பஞ்சிகாவத்தையில எடுக்கலாம்" என்போமே, அதே இடம். வடக்கிலிருந்து ரயிலில் போனால் கோட்டைக்கு முந்தின ஸ்டேசன் மருதானை. அங்கே இறங்கி உதிரிப்பாகக் கடைகளின் பக்கம் நடந்தால், எண்ணெய் மணத்துக்கும் ஹோர்ன் சத்தத்துக்கும் நடுவில் கோபுரம் வைத்த ஒரு பழைய கட்டடம் நிற்கும். டவர் ஹோல். 1911 டிசம்பரில் திறந்தது. முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸ் எழுதிய 'பண்டுகாபய'.

அங்கே நடந்தது நூர்த்தி என்ற வகை நாடகம். இதன் வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாயில் இருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறி வந்தன. வரைந்த திரைச்சீலை, மினுங்குகிற உடுப்பு, வட இந்திய மெட்டு. கொழும்புச் சனம் மயங்கிவிட்டது. ஜோன் த சில்வா அதே பாணியில் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். 1903இல் அவர் போட்ட 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு இசை அமைத்தவர் இந்தியாவில் இருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி. அதில் வந்த 'தன்னோ புதுங்கே' பாட்டு நூறு வருசம் தாண்டியும் பாடப்படுகிறது. அப்புறம் சினிமா வந்தது, சனம் அந்தப் பக்கம் போனது, டவர் ஹோலும் படம் காட்டுகிற கொட்டகையானது. 1978இல் அதற்கென்று ஒரு மன்றம் அமைத்துத்தான் நாடகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சினிமா என்றதும் ஒரு விசயம். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ', மினர்வா என்ற நாடகக் குழு மேடையில் நடித்துப் பேரெடுத்த கதை. அதன் கதாநாயகி ருக்மணி தேவி. பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். இந்தப் பெயர்களை ஒருதரம் உரக்கச் சொல்லிப் பாருங்கள்!

இப்போது மத்தளத்துக்கு வருகிறேன். இந்த வீடியோவே இதற்காகத்தான்.

நூர்த்திக்கு முன்னால் சிங்களச் சனம் பார்த்த நாடகத்துக்குப் பெயர் 'நாடகம'. ஆமாம், எங்கள் நாடகம் என்ற சொல்தான், கடைசியில் ஒரு அகரம் சேர்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் இருந்த பிலிப்பு சிஞ்ஞோ என்பவர் அதில் பெரிய பெயர். அந்த நாடகம ஆடுவதற்கு மண்ணை உயர்த்தி, மேலே கூரை போட்டு, அரைவட்டமாக ஒரு மேடை அமைப்பார்கள். அந்த மேடைக்குச் சிங்களத்தில் என்ன பெயர் தெரியுமா? 'கரளிய'.

களரி, உறவுகளே. நாங்கள் கூத்தாடுகிற இடத்துக்குச் சொல்கிற அதே பெயர். எங்கள் களரி!

(திரையில் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில்.)

அடிக்கிற மேளத்துக்குப் பெயர் 'மத்தளய'. பாடுகிற பா வகை ஒன்றுக்குப் பெயர் 'இன்னிசய'. தொடக்கத்தில் வந்து சிரிக்க வைக்கிற பகிடிக்காரனுக்குப் பெயர் 'கோனங்கி'. கோணங்கி! கொப்பியும் கையுமாக நின்று பாத்திரத்தைப் பாட்டால் அறிமுகம் செய்கிறவர் 'பொத்தே குரு', அதாவது புத்தகம் வைத்திருக்கிற குரு. சல்லரிக்காரருக்குப் பக்கத்தில் பழைய கொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற, கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாரை நினைத்துப் பாருங்கள். அரசன் வரும்போது முதலில் வரவுப் பாட்டு, பிறகு ஆள், பிறகு ஆட்டம். வரிசை கூட மாறவில்லை.

எப்படிப் போனது? கடற்கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்கள் வழியாக என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மன்னாரில் மூவிராசாக்கள் நாடகம் ஆடுவார்கள், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் கதை. பழைய சிங்கள நாடகமங்களிலும் 'ராஜ துன் கட்டுவ' என்று ஒன்று உண்டு. அதுவும் அதே மூன்று அரசர்கள்தான். மன்னாரில் இருந்து சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு என்று கரையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் ஒரு தேவாலய மணி கேட்டு முடிய அடுத்த தேவாலயம் வரும். அந்தக் கரையில் மீன்பிடி வள்ளங்களோடு மத்தளமும் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நாங்கள் பார்த்த நாடகம்.

பெயர் 'மனமே'. எழுதியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. நாடகமத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதியவர்களில் அவரே முக்கியமானவர். அழிந்துபோய்க்கொண்டிருந்த அந்த ஆட்டத்தைத் தேடி அம்பலாங்கொடையில் சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற பழைய குருவைக் கண்டுபிடித்து, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொன்னார். 1956 நவம்பர் 3ஆம் திகதி, இதே லயனல் வென்ட் மேடையில் முதல் தடவை. அரங்கு அப்போது திறந்து மூன்று வருசம்கூட ஆகவில்லை. படப்பிடிப்பாளரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ட் வாழ்ந்த வீடு இருந்த காணியில், அவர் இறந்தபிறகு கட்டியது.

கதை சின்னது. மனமே இளவரசன் படிப்பு முடித்து, குருவின் மகளைக் கலியாணம் செய்து, காட்டு வழியாக ஊர் திரும்புகிறான். வேடர் அரசன் வழிமறித்து அவளைக் கேட்கிறான். அவன் தன் ஆட்களை விலக்கிவிட்டு, ஒருத்தனுக்கு ஒருத்தன் என்று மோதுகிறான். இளவரசன் அவனை விழுத்தி, மனைவியிடம் வாளைக் கேட்கிறான்.

அவள் கொடுக்கவில்லை. "நியாயமாகச் சண்டை செய்தவன், கொல்ல வேண்டாம்" என்று இரக்கப்படுகிறாள். அந்த ஒரு நொடியில் பிடி தளர்கிறது, வாள் வேடன் கைக்குப் போகிறது, இளவரசன் இறக்கிறான். அவள் கொடுத்தாளா, அவன் பறித்தானா? 1956இல் இருந்து சிங்களச் சனம் இதைப் பற்றி வாதாடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் வேடனும் அவளை நம்பாமல் விட்டுவிட்டுப் போகிறான். மேடையில் அவள் தனியே.

எனக்குச் சிங்களம் அரைகுறை. அம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கதையை ரயிலிலேயே சொல்லிக் கூட்டிப்போனேன். அம்மா வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வருசா வருசம் பொங்குகிறவர். முல்லைமோடி என்கிற முல்லைத்தீவுப் பாணிக் கோவலன் கூத்தைச் சின்ன வயதில் இருந்து பார்த்து, பாட்டுகள் பாதி மனப்பாடம். புருசனுக்காக ஒரு நகரையே எரித்தவளைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர் இந்தப் பெண்ணை என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயம். வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

"அவளில என்ன பிழை? அவன் நியாயமாச் சண்டை பிடிச்சவன் எண்டதைத்தானே சொன்னவள்" என்றார் அம்மா. பிறகு, "பாவம், அவளுக்கு ஆரும் பின்னால நிண்டு பாடேல்ல" என்றார்.

அந்த இரண்டாவது வசனம் இன்னும் என்னை விடவில்லை. எங்கள் கூத்தில் கண்ணகி அழுதால் பிற்பாட்டுக்காரர் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து அந்த வரியைத் திருப்பிப் பாடுவார்கள். தனியே அழ விடமாட்டார்கள். மனமேயிலும் பின்பாட்டு உண்டு. ஆனாலும் கடைசியில் அவள் தனியே நின்றதாகத்தான் அம்மாவுக்குப் பட்டிருக்கிறது. கூத்துப் பார்த்து வளர்ந்த காது அது.

இன்னும் ஒன்று. மனமேயில் நடந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் கூத்தையும் இப்படி எடுத்து நிறுத்தலாமே என்று இறங்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் பேராதனையில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டு மாணவர்களைப் பழக்கி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. கரையோரமாகத் தெற்கே போன கூத்து, சிங்களத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தமிழிடம் வந்து "என்னையும் பார்" என்று கேட்டிருக்கிறது. இதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் விரிவாகச் சொல்லித் தந்திருக்க வேண்டும், கோபமாகவே சொல்கிறேன்.

நெலும் பொக்குண அரங்கைப் பற்றியும் கேட்பீர்கள். 2011இல் திறந்தது, பொலன்னறுவைத் தாமரைக் குளத்தின் வடிவம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் இருக்கிறது. வடிவான கட்டடம். அவ்வளவுதான்.

போக விரும்புகிறவர்களுக்கு: 'மனமே', சரச்சந்திரவின் இன்னொரு நாடகமான 'சிங்கபாகு' இரண்டும் இப்போதும் அவ்வப்போது மேடையேறுகின்றன. திகதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள். கதையை முதலே படித்துக்கொண்டு போனால் மொழி தடையில்லை, முழுக்கப் பாட்டும் ஆட்டமும்தான். முன்வரிசை கேட்காதீர்கள். மத்தளக்காரரின் கை தெரிகிற பக்கமாகக் கதிரை கேளுங்கள்.

அப்புறம் உங்களிடம் ஒரு உதவி. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், தாத்தாவின் பெட்டகத்தில் கூத்துப் பாட்டு எழுதின கொப்பி இருக்கிறதா? மாவீரன் கதையோ, கோவலனோ, மூவிராசாவோ, எதுவானாலும் சரி. இடம்பெயர்ந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டுக் கூத்துக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடின வீடு ஒன்று எனக்குத் தெரியும். பொலித்தீன் பையில் சுற்றி, கூரை வளையில் செருகி வைத்திருக்கிறார்கள். நீல மை பரவி, ஓரம் கறையான் தின்று, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் காப்புப் பாட்டும் மட்டும் தெளிவாக இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் கீழே எழுதுங்கள். கொப்பியை நான் வாங்க வரவில்லை, படம் மட்டும் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவேன்.

வருகிற கிழமை அந்த வீட்டுக்குத்தான் போகிறேன். மழை தொடங்கமுன் எடுத்துவிட வேண்டும்.

(மத்தளச் சத்தம். திரை இருளுகிறது.)